எழுத்திழந்த சுவர்கள்

தமிழ்நாட்டுச் சுவர்களின்மேல் இற்றைநாள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கின்றது. நயன்மன்றத்தில் அன்று, தேநீர்க் கடைகளிலும் கல்லூரி வாயில்களிலும் இதழ்ப் பக்கங்களிலும், ஏன், தமிழுணர்வாளர்தம் கூட்டங்களிலுங்கூட அது நடக்கின்றது. மேம்பாலத் தூண்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களிலும் தீட்டப்பெறும் பேருருவ ஓவியங்கள் நகர்க்கு அழகு என்பர் ஒரு சாரார். சுவர் என்பது வெள்ளையாய் இருக்கவேண்டியது. அதில் எவர் எதைத் தீட்டினாலும் அழுக்கே என்பர் மற்றொரு சாரார். மொழி உரிமைக்கு மன்றாட வேண்டிய நேரத்தில் சுவருக்குச் சாயம் பூசுவது வெற்று வேலை என்பர் இயக்க மூத்தோர் சிலர். மூன்று சாராரும் ஓவியத்தைப் பற்றியே வழக்காடுகின்றனர். அச்சுவரிலிருந்து துரத்தப்பட்ட எழுத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்திலர்.

அவ்வெழுத்து எவருடையது? பள்ளிப் பிள்ளைகளுடையது. அதன் வரலாறு ஒரு பள்ளி வாயிலிலேயே தொடங்குகின்றது.

1938 ஏப்பிரல் 21ஆம் நாள், அற்றைச் சென்னை மாநிலத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி இராசகோபாலாச்சாரியாரின் அரசு ஆணை பிறப்பித்தது. தமிழர் படை திரட்டிக் கோட்டைக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வாயிலுக்குப் போயினர். சென்னைத் தங்கசாலைத் தெருவில் உள்ள ஒரு பள்ளியின் முன்னே நாள்தோறும் மறியல் நடந்தது. அப்போராட்டத்தில் தளையிடப்பட்டோர் 1,198 பேர்; சிறைத்தண்டம் பெற்றோர் 1,179 பேர். அவருள் பெண்டிர் 73 பேர். தாயரோடு சிறைபுகுந்த பிள்ளைகள் 32 பேர். நடராசன் 1939 சனவரி 15இல் மாண்டார். இரண்டு திங்களுக்குள் தாளமுத்துவும் அவர் வழியே போனார். மூலக்கொத்தளத்து இடுகாட்டில் இருவரும் அடக்கம் செய்யப்பெற்றனர். 1940 பிப்பிரவரி 21இல் கட்டாய இந்தி ஆணை பின்வாங்கப்பட்டது.

அவ்விருவர் பெயரையும் தாங்கிச் சென்னை எழும்பூரில் ஒரு மாளிகை நிற்கின்றது. அங்கே இருப்பது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். சென்னையின் எந்த மூலையில் எவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழும்பலாம் என்று வரையறுக்கும் அலுவலகம் அதுவே. கட்டட இசைவுக்காகப் படி ஏறியிறங்குவோரில் எத்துணைப் பேர் அப்பெயர்கள் இரண்டு மாந்தருடையவை என்று அறிவர்? தெருவின் பெயர்போலும், யாரோ செல்வரின் பெயர்போலும் என்று கடந்து போவாரே பலர். பெயரைக் கல்லில் வெட்டிவிட்டால் நினைவு நின்றுவிடும் என்று எண்ணியது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

1965க்கு வருவோம். அவ்வாண்டு சனவரி 26 முதல் இந்தியே நடுவணரசின் ஆட்சிமொழி என்ற நிலை நெருங்கியது. அதற்கு ஓராண்டு முன்பே, 1964 சனவரி 25இல், கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி திருச்சியில் தம்மை எரித்துக்கொண்டு எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கை தில்லியின் காதில் ஏறவில்லை. 1965 சனவரி 25இல் மதுரை வடக்கு மாசி வீதியில் ஊர்வலம் போன மாணவர்கள் பேராயக் கட்சி அலுவலகத்தருகே தாக்குண்டு குருதி சிந்தினர். மறுநாள் கோடம்பாக்கம் சிவலிங்கமும், அதற்கு மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்கிரையாயினர். அதே 27ஆம் நாள் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலர்தம் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். மார்ச்சு 15இல் மயிலாடுதுறைக் கல்லூரி மாணவர் சாரங்கபாணி தீக்குளித்தார். அரசுக் கணக்கே எழுபது உயிர் என்றது. மக்கள் கணக்கு அதனினும் பன்மடங்கு.

இவை நூல்களில் உள்ளவை. நூல்களில் இல்லாதது ஒன்றுண்டு. அற்றைநாள் உயர்நிலைப் பள்ளியில் பயின்று இன்று எழுபத்தைந்து அகவையைத் தொட்டும் கடந்தும் நிற்போர் ஊர்தோறும் உளர். அவர்களிடம் கேட்டுப் பார்த்தல் வேண்டும். எந்தத் தலைவர் எந்த மேடையில் என்ன முழங்கினார் என்பது பலர்க்கு மறந்துபோயிற்று. எந்தச் சுவரில் எதைக்கொண்டு எழுதினோம் என்பது மட்டும் மறக்கவில்லை. தாய்க்குத் தெரியாமல் எடுத்துவந்த அடுப்புக்கரி. சாலை போட்டவர்கள் தகரப்பெட்டியில் விட்டுப்போன தார் என்னும் கருங்கீல். நுனியைத் தட்டி நைத்துத் தூரிகையாக்கிய பனமட்டை. எழுதியவனுக்குச் சுவரின் நீளம் தெரியாது. ஆகையால் 'தமிழ் வாழ்க' என்பதில் முதலெழுத்து ஆள் உயரம் இருக்கும். கடைசி எழுத்து மூலையில் ஒடுங்கி நிற்கும். ஒழிக என்பதை ஒளிக என்று எழுதிவிட்டு, அப்பிழைக்காகவே தமிழாசிரியரிடம் முதலடி வாங்கியவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பர். எழுத்தைத் திருத்தியபின்னரே பிரம்பை எடுத்த ஆசிரியர் எத்துணை மேலானவர்! தலைமையாசிரியர் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுவார். அடித்த சுண்ணாம்பு காய்ந்த சில நாளில் கீலெழுத்து வெள்ளைக்கு மேலே பழுப்பாய்த் தலைகாட்டும். மீண்டும் அடிப்பர், மீண்டும் தலைகாட்டும். கற்பலகையைத் தவிர எழுதும் இடம் அறியாத பிள்ளைகள், அரசு என்று ஒன்று உண்டு என்பதையும், அதற்கு எதிர்ச்சொல் சொல்லலாம் என்பதையும் அச்சுவர்களிலேயே கற்றுக்கொண்டனர்.

அது தெருவோவியம் இல்லையா? இல்லை என்பர் அழகு பேசுவோர். அதில் வண்ணம் இல்லை, வரைமுறை இல்லை, பயிற்சி பெற்ற கை இல்லை என்பர். உலக நகர்களில் இரவோடிரவாகச் சாயக்குழல் பீச்சி எழுதிப் போனவற்றையெல்லாம் கலை என்று காட்சியகங்கள் விலை கொடுத்து வாங்கும் காலம் இது. அங்கே சட்டத்துக்கு அஞ்சி ஓடிக்கொண்டே எழுதியது கலையாகின்றது. இங்கே துப்பாக்கிக்கு அஞ்சாமல் நின்று எழுதியது மட்டும் கறையாகின்றது. இஃது எந்த ஊர் நயன்மை?

சட்டத்தைச் சொல்லுவோர்க்கும் விடை சொல்லியாக வேண்டும். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் 1959 முதலே இங்கு உண்டு. பிறர் வீட்டுச் சுவரில் அவர் இசைவின்றி எழுதுவது தவறு என்பதில் ஐயமில்லை. பொழுது விடிந்தால் தம் புதுச்சுவரில் எவனோ ஒருவன் தாடியோடு கைகூப்பி வாக்குக் கேட்டு நிற்பதைக் கண்டு நொந்துகொள்ளும் வீட்டுக்காரரின் குறை உண்மையான குறை. ஆனால், அச்சட்டம் எவர்மேல் பாய்ந்தது, எவரைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டது என்பதே வினா. துணிக்கடையும் நகைக்கடையும் மறைத்த வானம் எத்துணைப் பரப்பு! அவை காசு கட்டி மறைத்தன. ஆகவே அவை உருக்குலைவு அல்ல. கரித்துண்டு எடுத்த பிள்ளை காசு கட்டவில்லை.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி அண்ணாசாலையிலும் காமராசர் சாலையிலும் சுவர்களுக்கு ஓவியம் தீட்டியது. நோக்கம் சுவரொட்டியை ஒழிப்பது. நல்ல ஓவியங்களும் அவற்றுள் இருந்தன. நாட்டுப்புறக் கலைகளையும் கோயில்களையும் காட்டின. இழிவாகப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அந்த வண்ணத்தின் வேலை என்ன? இங்கே இனி ஒருவனும் எழுதக்கூடாது என்பதே. காவலாளிக்கு மாற்றாக ஒரு மயிலை நிறுத்தினர், அவ்வளவே. அம்மாநகராட்சியின் இரிப்பன் கட்டடத்தின் உச்சியிலேயே 'தமிழ் வாழ்க' என்னும் தொடர் ஒளியெழுத்தாக ஏற்றப்பட்டது. உச்சியில் ஒளிரலாம், சுவரில் ஒட்டக்கூடாது! அரசு எழுதினால் வாழ்த்து. மாணவன் எழுதினால் குற்றம்.

2020இல் கண்ணகி நகர்ச் சுவர்கள் ஓவியமாயின. கூவக் கரையிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட ஏழைகளைத் துரைப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் குவித்த இடம் அது. ஒரு வண்ணப்பூச்சு நிறுவனத்தின் துணையோடு உள்ளூர், அயலூர் ஓவியர்கள் வந்து அடுக்ககங்களின் பக்கச் சுவர்களில் முகங்களையும் மலர்களையும் பறவைகளையும் தீட்டினர். அங்கு வாழ்வோருள்ளேயே இருவேறு கருத்துகள் உண்டு. இதுவரை தங்கள் நகரின் பெயரைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கியவர்கள் இன்று படம்பிடிக்க வருகிறார்கள் என்று மகிழ்வோர் ஒருபுறம். வெளிச்சுவருக்கு வந்த வண்ணம் வீட்டுக்குள் தண்ணீராக வரவில்லையே என்போர் மறுபுறம். இரண்டும் மெய்யே. மகிழ்வோரின் மகிழ்ச்சியைப் பறிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வீடிழந்து ஊரிழந்த மக்கள் தங்கள் சுவரில் தாங்களே எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பர்? பறவையையா எழுதியிருப்பர்? அரசன் அவையில் நின்று வழக்குரைத்தவள் கண்ணகி. அவள் பெயர் தாங்கிய நகரின் சுவர் ஒரு சொல்லும் உரைக்காமல் சிரித்துக்கொண்டு நிற்கின்றது.

ஓவியம் வாய்பேசாது என்பதற்காகவே ஆள்வோர் அதை விரும்புகின்றனர் என்பதற்குக் கோலத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. தமிழ்ப் பெண்டிரின் கைக்கலை கோலம். அதைப் பாராட்டாத அமைச்சர் இல்லை. 2019 திசம்பர் 29இல் சென்னைப் பெசன்ட் நகரில் இளம்பெண்கள் சிலர் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் கோலம் போட்டனர். புள்ளியும் கோடும் வழக்கம்போலவே இருந்தன. நடுவில் எழுத்து இருந்தது. காவல்துறை வந்து பிடித்துக்கொண்டு போயிற்று. எழுத்தில்லாக் கோலம் பண்பாடு. எழுத்துள்ள கோலம் கலகம்! (அவ்வெழுத்து பெரும்பாலும் ஆங்கிலமாய் இருந்தது என்பது வேறொரு வருத்தம். வேண்டா என்று சொல்லத் தமிழில் சொல்லா இல்லை?) 2025 பிப்பிரவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து வாயில்களில் இட்ட கோலங்கள் தமிழிலேயே பேசின.

அந்த 2025 பிப்பிரவரியிலேயே பொள்ளாச்சித் தொடர்வண்டி நிலையப் பலகையில் இருந்த இந்திப் பெயரின்மேல் கீல் பூசப்பட்டது. தொடர்வண்டித் துறை உடனே பெயரைத் திருத்தி எழுதியது; பூசியவர்மேல் வழக்கும் பதிந்தது. பாளையங்கோட்டையிலும் அவ்வாறே பூசினர். நாகரிகமற்ற செயல் என்று தொலைக்காட்சிகளில் சிலர் முகம் சுளித்தனர். அது 1952 ஆகத்து 1இல் பெரியார் தொடங்கிய போராட்ட முறை என்பதை அவர்கள் அறிவாரோ, அறியாரோ. ஆனால் பொள்ளாச்சி எந்த ஊர்? 1965 பிப்பிரவரி 12இல் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டு விழுந்த ஊர். கறுப்பாய்ப் போன ஒரு பெயர்ப்பலகை ஒரே நாளில் வெளுத்துவிட்டது. அவ்வூரில் மாண்டோரின் பெயர்களை அறுபது ஆண்டுக்கு மேலாகியும் ஊரார் எத்துணைப் பேர் சொல்லுவர்?

குற்றத்தையெல்லாம் தில்லியின் தலையிலும் மாநகராட்சியின் தலையிலும் சுமத்திவிட்டு ஒதுங்குதல் தமிழனுக்கு எளிது. அது மெய்யாகாது. சுவரை முதலில் விற்றவர்கள் தமிழர் பெயரால் கட்சி நடத்தியவர்களே. 1965இல் பிள்ளைகள் மொழியின் பெயரை எழுதிய சுவர்களை 1967க்குப் பின் கட்சிகள் பங்கு போட்டுக்கொண்டன. இச்சுவர் இன்ன கட்சிக்கு, இன்ன ஆண்டு வரை என்று ஓரத்தில் எழுதிவைத்துப் பட்டா வாங்கிக்கொண்டன. தமிழ் வாழ்க என்ற இடத்தில் தலைவர் வாழ்க வந்தது. பின் தலைவரின் மகன் வாழ்க, மருமகன் வாழ்க. பிறந்தநாள், காதணி விழா, புதுப்படம். மக்கள் சுவரெழுத்தை வெறுக்கத் தொடங்கியதற்கு இஃதே முதற் காரணம். கரித்துண்டின் மதிப்பைக் கெடுத்தது சுண்ணாம்பன்று; இந்த வாழ்த்து வெள்ளமே.

அப்பொழுதும் ஒரு நன்மை மிஞ்சியிருந்தது. எழுதியவன் ஒரு மாந்தன். சுவருக்கு வெள்ளையடித்து, நூல் பிடித்துக் கோடிழுத்து, ழகரத்தின் சுழியை ஒரே இழுப்பில் முடிக்கும் சுவரெழுத்துக் கலைஞன் ஊருக்கு ஒருவனாவது இருந்தான். தமிழெழுத்தின் உடற்கட்டு அவன் கையில் இருந்தது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் ஏணியடியில் நின்று வேடிக்கை பார்ப்பர். அச்சுப்பொறியில் உருவும் நெகிழிப் பதாகை வந்தது. ஏணி போயிற்று. இன்று அக்கலைஞருள் பலர் வேறு கூலி வேலைக்குப் போய்விட்டனர். பதாகையைக் கணினியில் அடிப்பவனுக்கு லகர ளகர வேறுபாடு கிடையாது. ஒற்று எங்கே மிகும் என்பது தெரியாது. தலைவரின் கன்னத்தை வெளுப்பாக்க மட்டும் தெரியும். தெருவோவியத்துக்காக அயலூரிலிருந்து ஓவியரை அழைத்துவரும் நகராட்சிகள், தம் ஊர்ச் சுவரெழுத்துக் கலைஞன் எங்கே போனான் என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

இனி இயக்க மூத்தோர்க்கு. ஓவியம் வெற்று வேலை. மொழிப்போருக்கு வேண்டுவது முழக்கமும் சிறையுமே என்பது அவர்கள் கருத்து. சிறை சென்றவர்கள் சொல்லும் சொல்லைத் தூக்கியெறிய இயலாது. ஆயினும் அவர்கள் ஒருமுறை வங்கநாட்டுத் தலைநகர் தாக்காவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கும் 1952 பிப்பிரவரி 21இல் தாய்மொழிக்காக மாணவர் குண்டடி பட்டு மாண்டனர். இரண்டே நாளில் மாணவர் எழுப்பிய நினைவுத்தூணைக் காவல்துறை பிப்பிரவரி 26இல் இடித்துத் தள்ளியது. மீண்டும் எழுப்பினர். 1971இல் பாக்கித்தான் படை இடித்தது, மீண்டும் எழுப்பினர். இன்றும் ஆண்டுதோறும் பிப்பிரவரி 21க்கு முந்திய நாள்களில் பல்கலைக்கழகக் கவின்கலை மாணவர்கள் அத்தூணுக்குப் போகும் சாலைகளின்மேல் கோலம் போன்ற ஓவியங்களைச் சாலை முழுதும் நிறையத் தீட்டுகின்றனர். சுற்றுச் சுவர்களில் வங்கமொழிப் பாட்டடிகளைப் பெருவெழுத்தில் எழுதுகின்றனர். மக்கள் அவ்வழியே வெறுங்காலோடு மலர் ஏந்திப் போகின்றனர். ஓவியமும் எழுத்தும் அங்கே பகையாகவில்லை; சுவரும் மறக்கவில்லை. எழுதுவோர் மாணவரே, எழுதக் கற்பிப்போர் அவர்தம் ஆசிரியரே. 1999இல் ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு அந்நாளையே உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

அவர்களைவிடப் பதினான்கு ஆண்டு முன்னரே பள்ளி வாயிலில் நின்றவன் தமிழன். அவனுக்கும் ஒரு நாள் உண்டு: சனவரி 25, மொழிப்போர் ஈகியர் நாள். அந்நாளில் நடப்பது என்ன? கட்சிக்கு ஒரு மாலை. மாலைக்கு ஒரு படம். படத்துக்கு ஒரு பதாகை. ஈகியரின் முகம் ஒரு மூலையில் முத்திரை அளவில் இருக்கும். மாலையிட வந்தவர் முகம் யானை அளவில் இருக்கும். மறுநாள் குடியரசு நாளுக்காகப் பள்ளிகளில் மூவண்ணம் தீட்டுகின்றனர். அதற்குத் தடையில்லை, தூரிகையும் கிடைக்கின்றது. முந்தினநாள் அதே சுவரில் இராசேந்திரன் என்று ஏழெழுத்து எழுத எந்தப் பள்ளியில் எவர் இசைவு கொடுத்தார்?

கேட்டால் அரசியல் என்பர். முப்பத்திரண்டு பிள்ளைகளைத் தாயரோடு சிறையில் கிடத்தியது எவர் அரசியல்? பாடநூலில் இரண்டு வரி இருக்கின்றதே என்பர். அவ்விரண்டு வரி தேர்வுக்கு. தேர்வு முடிந்தால் வரியும் முடிந்தது. நாள்தோறும் கடந்து போகும் சுவரில் இருப்பதைப் பிள்ளை தானாகப் படிக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் அகவையில் அது கண்ணில் படுமெழுத்தையெல்லாம் படிக்கும், கடைப்பலகையைப் படிக்கும், பேருந்தின் பின்புறத்தைப் படிக்கும். அக்கண்ணுக்கு முன்னால் மயிலை வைப்பதா, பெயரை வைப்பதா என்பதே இன்றைய வழக்கு. இரண்டையும் வைக்கலாம், சுவர் பெரிது.

செய்யவேண்டியது பெரிய திட்டமன்று. ஊர்ப் பள்ளியில் ஒரு சுவர். பெற்றோர் கழகத்தின் வழியே தலைமையாசிரியரின் எழுத்து இசைவு. ஒரு மூட்டைச் சுண்ணாம்பு. வேலையிழந்து நிற்கும் சுவரெழுத்துக் கலைஞன் ஒருவனுக்கு மூன்று நாள் கூலி. எழுத்தை அவன் கோடிழுத்துக் கொடுக்க, நிரப்புவது பிள்ளைகளாய் இருத்தல் வேண்டும். எந்தக் கட்சியின் கொடியும், எந்த நன்கொடையாளரின் பெயரும், இதழின் பெயருங்கூட, அச்சுவரில் ஏறலாகாது. பள்ளி இசையாத ஊரில் இயக்கத் தோழரின் சொந்த வீட்டுச் சுவர் இருக்கின்றது. அதற்கு எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

என்ன எழுதுவது என்பதை முதலில் தேடவேண்டும். எல்லார்க்கும் தெரிந்த ஏழெட்டுப் பெயர்களோடு நிறுத்தினால் அதுவும் ஒரு பதாகைதான். அவ்வூரில் 1965இல் எவர் ஊர்வலம் போனார், எவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், எவர் தடியடியில் கை முறிந்தார், எவர் திரும்பவில்லை என்பவற்றை அறிந்தோர் இன்று எழுபத்தைந்தின் மேலே இருக்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் அவர் தொகை குறைந்துகொண்டு வருகின்றது. வரும் சனவரி 25க்கு முன்னே, வெள்ளையடித்த சுவரின் எதிரில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டு, எழுதுகோலும் ஏடுமாகப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, அற்றை நாள் கரியெடுத்து எழுதிய இடம் எது என்று கேட்டல் வேண்டும்.